குழி நிரம்பும் நேரம்

முதலில் என் செருப்பு எனக்குச் சின்னதாகிப் போனது. அந்தமானில் ஹட் பே கடைத்தெருவில் இருபது வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பெடல் மிதிக்கிற கால், வீங்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். பிறகு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது, தலை சுற்றியது.

எதிரே மருந்துக் கடை. அந்தக் கடைக்காரனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவன் மகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தவள் நான். போய்ச் சொன்னேன். அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"வேர்வையில உப்பெல்லாம் போயிருச்சுக்கா. இதைக் கரைச்சுக் குடிங்க, சரியாயிரும்" என்று உப்புக் கரைசல் பொட்டலங்களை எடுத்துப் போட்டான்.

வயிற்றுப்போக்கில் உயிர் காக்கிற பொடி அது, அதன்மேல் எனக்குக் கோபமில்லை. என் காலை ஒரு தடவை குனிந்து பார்க்காதவன் மேல்தான் கோபம். வீக்கம் கூடுகிறதே என்றால், "இன்னும் ரெண்டு சேர்த்துக் குடிங்க" என்றான். குடித்தேன். மூன்றாவது வாரம் படுத்தால் மூச்சு அடைத்தது.

இங்குள்ள ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, போர்ட் பிளேரில் இதய டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். காலைக் கப்பலில் ஏறினோம். படுக்கை கிடைத்தும் படுக்க முடியவில்லை. வீட்டுக்காரர் தோளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தேன்.

டாக்டர் என் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. எடிமா (உடம்பில் நீர் கோத்து வீங்குதல்) என்றார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"இதயம் ரத்தத்தைத் தள்ளுற வேலை மட்டும் செய்யலம்மா. பாரம் தாங்காம அதோட சுவர் விரியும்போது ஒரு ஹார்மோனை (ரத்தத்தில் கலந்து உறுப்புகளுக்குச் சேதி சொல்லும் சுரப்பு) விடும். அது கிட்னிக்குப் போய், உப்பை வெளியே தள்ளுன்னு சொல்லும். உப்பு போனா கூடவே தண்ணியும் போகும். உங்க ரத்தத்துல அந்த ஹார்மோன் ரொம்ப ஏறியிருக்கு."

"ஏறினா நல்லதுதானே?" என்றேன்.

"இதயம் பலவீனமானா, உப்பைப் பிடிச்சு வைன்னு சொல்ற வேற ஹார்மோன்களும் கூடும். அதுங்க சத்தத்துல இதயம் சொல்றது கிட்னி காதுல ஏறாது. உங்க இதயம் தினமும் கத்தியிருக்கு. நீங்க மேல மேல உப்பைக் குடிச்சிருக்கீங்க."

எனக்கு அழுகை வரவில்லை. எதிர்க்கடை நாற்காலிதான் கண்முன் வந்தது. அவனை விடக்கூடாது.

நரம்பு வழியாகச் சிறுநீர் பெருக்கி (உப்பையும் நீரையும் வெளியேற்றும் மருந்து) ஏற்றினார்கள். நர்ஸ் ஒவ்வொரு முறையும் சிறுநீரை அளவு ஜாடியில் பிடித்து எழுதினாள். அவள் எழுதும்போதெல்லாம், போடா, இது உன் பொட்டலம் என்று மனதுக்குள் சொல்லுவேன். இதயத்தின் அந்த ஹார்மோன் சீக்கிரம் சிதையாமல் காக்கிற மாத்திரையும் தொடங்கினார்கள். பத்தாம் நாள் நேராகப் படுத்தேன். போர்ட் பிளேரிலேயே ஷாதிபூரில் நாத்தனார் வீட்டில் கொஞ்ச நாள் தங்கி, உப்புக் குறைத்த சோற்றை அவளைத் திட்டிக்கொண்டே தின்று தேறினேன்.

"விடு, அவன் தெரியாமத்தானே செஞ்சான்" என்றார் வீட்டுக்காரர்.

"தெரியாதவன் வாயை ஏன் திறந்தான்?"

ஊர் திரும்பிய மறுநாளே பெஞ்சை என் கடை வாசலில் இழுத்துப் போட்டேன். அவன் கடைக்கு யார் நடந்தாலும் மறித்தேன். ஒரு வங்காளத்து மௌசி (சித்தி) மூச்சு வாங்க வந்தாள். "பைர் திகாவோ" என்று காலைக் காட்டச் சொல்லி அழுத்தினேன். குழி விழுந்தது. கையோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் குழி விழுந்தால் கடைக்குப் போகக்கூடாது, டாக்டரிடம் போகவேண்டும் என்பது தெரியும். படிக்கிற நீங்களும் அவ்வளவு தெரிந்துகொண்டால் போதும்.

"என் பொழப்பைக் கெடுக்கிறீங்கக்கா" என்று அவன் கத்தினான்.

"ஆமா. கெடுக்கத்தான் உக்காந்திருக்கேன்."

நாலு மாதம் அப்படிப் போனது. சத்தியமாகச் சொல்கிறேன், அவன் கடை காற்று வாங்கியதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பு தேறியது.

ஒரு மத்தியானம் அவன் ஷட்டரை இறக்கிவிட்டு வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தான். செருப்பைக் கழற்றினான். வார் பதிந்த தடம் பள்ளமாக இருந்தது.

"கொஞ்சம் பாருங்கக்கா."

இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன். தேவைக்கு மேலேயே அழுத்தினேன். விரலை எடுத்து எண்ணத் தொடங்கினேன். முன்பெல்லாம் மத்தியானத்துக்குள் இரண்டு ஜாக்கெட் என்றுதான் என் பொழுது ஓடும். இப்போது தினமும் காலையில் என் காலை அழுத்தி, குழி விழவில்லை என்று பார்த்த பிறகுதான் எனக்கு நாள் தொடங்குகிறது. அவன் காலில் இருபது எண்ணியும் குழி நிரம்பவில்லை.

"எவ்வளவு நாளா?"

"ஒரு மாசமா. தலை சுத்துதுன்னு பொடியைக் கரைச்சுக் குடிச்சேன். தினம் நாலு."

சிரிப்பு வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. கோபமும் போகவில்லை.

"எழுந்திரு" என்றேன். ஓடிவிடுவான் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி மேட்டில் அவன் மூன்று இடத்தில் மூச்சு வாங்கி நின்றான். அன்று நான் நின்ற அதே இடங்கள். எனக்கு இன்று மூச்சு வாங்கவில்லை. அவனுக்கு மூச்சு திரும்பும்வரை, வழியெல்லாம் திட்டி வந்ததை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நின்றேன். திரும்பியதும், விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்தேன்.