முந்தினவள்

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்து, தேய்ந்துபோன பல் பிரஷ்ஷால் குழாயின் கழுத்தைச் சுரண்டிக்கொண்டே திட்டிக்கொண்டிருக்கிறார் கண்ணாடியம்மா. யாரைத் திட்டுகிறார் என்று தெரியாதவர்கள் வாசலில் நின்று கேட்டால், அழைப்பு மணியை அழுத்தாமலே படியிறங்கிவிடுவார்கள்.

"இருக்கா பாரு, இன்னும் இருக்கா. பதினோரு வருஷமாத் தேய்க்கிறேன், போவேனாங்கிறா."

பிசுக்கைச் சொல்லவில்லை. முந்தினவளைச் சொல்கிறார்.

'முந்தினவ' என்பது இந்த வாடகை வீட்டில் இவர்களுக்கு முன்னால் குடியிருந்த பெண்மணி. இவர் அவரைப் பார்த்ததே இல்லை. பெயர் தெரியாது, முகம் தெரியாது. குணம் மட்டும் அத்துப்படி. எண்ணெயை அள்ளி ஊற்றிச் சமைக்கிறவள். தலை சீவிய முடியைச் சுருட்டிக் குளியலறைச் சல்லடைக்குள் திணிக்கிறவள். கதவை அறைந்து சாத்தித் தாழ்ப்பாளைக் கெடுத்திருக்கிறாள், ஆகவே கோபக்காரி. ஆணி அடித்திருக்கும் உயரத்தைப் பார்த்தால் குள்ளம். ஜன்னல் கண்ணாடியில் விரிசல் விட்டும் மாற்றவில்லை, ஆகவே மெத்தனம். இத்தனையும் கறைகளை வைத்தே கண்டுபிடித்தது. துப்பறியும் இலாகா இழந்த மூளை இப்போது ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸுகளைச் சட்டத்தில் பொருத்திக்கொண்டிருக்கிறது. தெருவுக்கே அவர் கண்ணாடியம்மா. ஐம்பத்து மூன்று வயதாகிறது, நீங்களும் ஒன்று போட்டுக்கொள்ளக் கூடாதா என்று முதலாளி கேட்டால், "எனக்கென்ன, எல்லாம் நல்லாத்தான் தெரியுது" என்பார்.

கல்யாணமாகி முப்பது வருடத்தில் இது ஐந்தாவது வாடகை வீடு. ஆகவே இவள் ஐந்தாவது முந்தினவள். புதிதாகப் பதவிக்கு வருகிறவர்கள் எல்லாப் பழியையும் முன்பு இருந்தவர்கள் மேல் போடுவதில்லையா, அதே அரசியல்தான். ஆனால் அவர்கள்கூடச் சில வருடங்களில் அலுத்துப்போய் நிறுத்திவிடுவார்கள். கண்ணாடியம்மாவுக்கு அலுப்பு என்பது கிடையாது. குழாய் ஒழுகினால் முந்தினவள். பால் பொங்கினால்கூட, அடுப்பை அந்த மூலையில் வைத்தது யார்?

"இந்த வீட்டுல மூணு பேர் குடியிருக்கோம்" என்பார் அவருடைய கணவர். "வீட்டுக்காரருக்குத்தான் அது தெரியாது."

கணவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பதினோரு வருடம் குடியிருந்தவர். கடைசியில் கண்ணாடியம்மாவின் முழங்கால்தான் தீர்ப்புச் சொன்னது. அடுத்த தெருவில் தரைத்தளத்தில் வீடு பார்த்தாகிவிட்டது. பெரிய சாமான்கள் நேற்றே போய்விட்டன. மிச்சம் இருப்பது இரண்டு அட்டைப்பெட்டியும், ஒரு கயிற்றுச் சுருளும், இந்தச் சுத்தமும்.

சுத்தத்துக்காகக் கண்ணாடியம்மா கடையில் இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறார். "நாளைக்கு வர்றவ என்னை ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது" என்பதுதான் லட்சியம். அடுத்து வருகிறவள் என்னென்ன சொல்வாள் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தன் நாக்கின் நீளம் அவருக்குத் தெரியும்.

மேலிருந்து கீழ், உள்ளிருந்து வெளியே என்பது அவருடைய முறை. மின்விசிறி இறக்கைகளை ஒவ்வொன்றாகப் பழைய தலையணை உறைக்குள் நுழைத்து உருவுவார், தூசி உறைக்குள்ளேயே விழும். ஆணி ஓட்டைகளைப் பற்பசையால் அடைப்பார். ஜன்னல் தண்டவாளத்தைத் துணி சுற்றிய குச்சியால் குடைவார். முடித்ததும் கண்ணால் பார்க்க மாட்டார், முகர்ந்து பார்ப்பார். கண்ணை ஏமாற்றலாம், மூக்கை ஏமாற்ற முடியாது என்பது அவர் கட்சி.

"குடியிருக்கிறப்ப வீடு இப்படி இருந்திருந்தா, நாமளே குடியிருந்திருக்கலாம்" என்றார் கணவர்.

கடைசியாகச் சமையல் மேடை. அடுப்புக்குப் பக்கத்தில் மைக்கா ஒட்டிய பகுதியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு பத்து வருடமாகக் கிடந்தது. அதை உரித்தார். கீழே கரிந்த வட்டம் ஒன்று. முழு வட்டம்கூட இல்லை, ஒரு பக்கம் பல் விழுந்தாற்போல் சின்ன இடைவெளி.

"இதை மறைக்கத்தானே விரிப்பே வாங்கினேன்" என்று ஆரம்பித்தார். "கொதிக்கிற சட்டியக் கொண்டாந்து அப்படியே வெச்சிருக்கா மகராசி. கீழ ஒரு துணி போடணும்னு தோணல பாருங்க."

சோடா உப்பு போட்டுத் தேய்த்தார், எலுமிச்சை மூடியால் தேய்த்தார். வட்டம் அசையவில்லை. இதற்குள் கணவர் பரணிலிருந்து இறக்கிய அகலச் சட்டியைப் பெட்டியில் போடக் கொண்டுவந்தவர், கயிறு எடுக்கக் கை வேண்டுமே என்று மேடையில் வைத்தார். வேண்டுமென்றே வைத்தாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

சட்டி வட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது, டப்பாமேல் மூடிபோல. அடியில் ஒரு பக்கம் நசுங்கிய சட்டி அது. நசுங்கல் இருந்த இடத்தில்தான் வட்டத்தின் இடைவெளியும் இருந்தது. இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, இரண்டாம் மாடித் திருப்பத்தில் கைநழுவி உருண்டதால் விழுந்த நசுங்கல்.

இரண்டு பேரும் சட்டியைப் பார்த்தார்கள். கணவரின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. வந்த முதல் வருடம், வேலைக்குப் போன இடத்தில் லிஃப்ட் கம்பியில் சிக்கிய விரல்கள்.

"அன்னிக்குப் போன் வந்துச்சே" என்றார் கணவர் மெதுவாக. "அப்ப வெச்சதாம்மா?"

அன்றைக்கு மூன்று மாடியும் எப்படி இறங்கினோம் என்பதே கண்ணாடியம்மாவுக்கு நினைவில்லை. நாலு நாள் ஆஸ்பத்திரியில் கணவர் கூடவே கிடந்துவிட்டு வீடு திரும்பி, மேடையைப் பார்த்து, முந்தினவளைத் திட்டியது மட்டும் நினைவிருக்கிறது. மறந்துதான் போனாரா, அந்த நாளையே யார் தலையிலாவது கட்டிவிட்டால் போதும் என்றிருந்ததா என்று கேட்டால் அவரே சொல்ல மாட்டார். சட்டியை எடுத்துப் பெட்டியில் வைத்தார். தேய்ப்பதை நிறுத்திக் கை கழுவினார்.

நாலு மணிக்கு வந்தாள் அடுத்து குடிவரப் போகிறவள். சின்னப் பெண், நெட்டை, சிரித்த முகம். திரைச்சீலைக்கு அளவெடுக்க இஞ்ச் டேப்போடு வந்திருந்தாள். வீடு பளபளவென்று இருப்பதாகச் சொல்லிக்கொண்டே அறை அறையாகப் போனாள். கண்ணாடியம்மா பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி பின்னாலேயே போனார். சமையலறையில் அவள் நின்றாள்.

"அக்கா, இது என்ன, சூடு பட்டுச்சா?"

"அதுவா, எங்களுக்கு முந்தினவ..."

கயிறு கட்டிக்கொண்டிருந்த கணவரின் கை நின்றது.

"இல்லம்மா" என்றார் கண்ணாடியம்மா. "நான்தான். அவசரத்துல சட்டிய எறக்கி வெச்சிட்டேன்."

பரவாயில்லை அக்கா, மேலே ஏதாவது போட்டு மறைத்துக்கொள்கிறேன் என்றாள் பெண். விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் எதையும் அரைகுறையாகத் துடைக்கிற வழக்கம் கண்ணாடியம்மாவுக்கு இல்லை. குளியலறைத் தாழ்ப்பாளைச் சற்றுத் தூக்கித்தான் போட வேண்டும், அது தன் கைவேலை என்றார். தொட்டிக்கு அடியில் பிசுக்கு போகாது, அதுவும் தான்தான். முன்னறை ஜன்னல் விரிசலும் தன்னால் வந்ததுதான்.

"அந்த விரிசல் நாம வர்றப்பவே..." என்று ஆரம்பித்த கணவர், மனைவியின் பார்வையைப் பார்த்துவிட்டு முடிச்சுக்குத் திரும்பினார். பெயர் தெரியாத ஒருத்தியின் பாவங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டிருந்தார் கண்ணாடியம்மா. இது பெருந்தன்மையா, அல்லது கழுவ ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத வியாதியா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டும் ஒரே வாளித் தண்ணீர்தானோ என்னவோ.

பெண் முன்னறைக்கு அளவெடுக்கப் போனாள். போன் வந்தது. அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் டேப்பின் நுனியை ஜன்னல் ஓரத்தில் வைத்தபடி தணிந்த குரலில் பேசினாள். சாமான் இருக்கும் வீட்டில் அந்தக் குரல் நாலடி தாண்டாது. காலி வீட்டில் ரகசியம் நிற்பதில்லை.

"வீடு நல்லாத்தாம்மா இருக்கு. முன்னாடி இருந்தவங்கதான் கொஞ்சம்... ஆமா, மேடையெல்லாம் சுட்டு வெச்சிருக்காங்க. தாழ்ப்பாள்கூட ஒழுங்கா இல்ல. சும்மா மேலாக்கத் தொடச்சிருக்காங்க, நாம வந்து நல்லாத் தேச்சுக்கலாம்."

கணவர் நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். இரண்டு நாள் தேய்த்ததில் தோல் உரிந்த விரல்களைத் துணியில் ஒற்றிக்கொண்டிருந்தார் அவர்.

ஜன்னல் அகலம், பெண்ணின் ஒற்றைக் கைக்கு எட்டவில்லை. அந்தப் பக்கம் இழுத்தால் இந்தப் பக்க நுனி நழுவி விழுந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

கண்ணாடியம்மா போய், கீழே கிடந்த நுனியை எடுத்து, விரிசலுக்குப் பக்கத்தில் சட்டத்தின் விளிம்போடு சேர்த்துப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.