மூன்று டப்பா இங்கிலீஷ்

என் சின்னம்மாவுக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்று எங்கள் காலனியில் இன்றைக்கும் சொல்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதிர்ஷ்டமாவது மண்ணாவது. அவள் படித்தாள். எப்படிப் படித்தாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவளைப் படிக்க விடாமல் செய்யப் பார்த்தவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

சின்னம்மா என் அம்மாவுக்குத் தங்கை. தாய் தகப்பன் போன பிறகு எங்களோடு வந்து இருந்தாள். ஆந்திர எல்லையில் குடிபாலா பக்கம் எங்கள் ஊர். நைனாவும் அம்மாவும் சீசனில் மாம்பழக் கூழ் கம்பெனிக்குப் போவார்கள், மற்ற மாதங்களில் யார் கூப்பிட்டாலும் போவார்கள். சின்னம்மா மட்டும் நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு சித்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். எனக்குத் தலை வாரியது, பேன் பார்த்தது, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்தது எல்லாம் அவள்தான். அம்மாவை அம்மா என்று கூப்பிட்டேன், அவ்வளவுதான்.

அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நரம்பே கிடைக்காத கிழவர்களுக்கு ஊசி போட சின்னம்மாவின் கை வேண்டும். ஆனால் அவள் எந்தக் காலனியிலிருந்து வருகிறாள் என்று டாக்டர் வீட்டம்மாவுக்குத் தெரியும். அதனால் டீ குடிக்க அவளுக்கு ஜன்னலில் தனி டம்ளர். எட்டு வருஷம் அந்த டம்ளரில் குடித்தாள். வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை.

தெருவுக்குத் தெரு எஸ்டிடி பூத் வந்த காலம் அது. யாரைப் பார்த்தாலும் எங்கேயாவது போய்க்கொண்டிருந்தார்கள். குவைத்துக்கு, சென்னைக்கு, பெங்களூருக்கு. மஸ்கட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேண்டும் என்று திருப்பதியில் ஒரு லாட்ஜில் ஆள் எடுத்தார்கள். சின்னம்மா போனாள். ஊசி, மருந்து, பிரஷர் என்று வேலை பற்றிக் கேட்டதெல்லாம் சரியாகச் சொன்னாள். இங்கிலீஷ் பரீட்சையில் விழுந்தாள். டை கட்டிய ஒருவன் அவள் எழுதிய வரியை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்துச் சிரித்தானாம். வந்திருந்த மற்ற பெண்களும் சிரித்தார்களாம். அவளுக்கு வேலை தெரியும், பாஷைதான் தெரியாது, மூன்று மாதம் கழித்துச் சென்னையில் இன்னொரு தடவை எழுதலாம் என்றான். அதற்கு மேல் கிடையாது. முப்பது வயது தாண்டினால் எடுக்க மாட்டார்கள், அவளுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. யூனிபாரத்தைத் துவைத்துக் காயப் போட்டாள். மறுநாள் டியூட்டிக்குப் போனாள்.

நைனா அதற்குள் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். லாரி வைத்திருந்தவர், பெண்சாதி செத்துப் போனவர், இரண்டு பிள்ளைகள். வரும்போதெல்லாம் எனக்கு கிரீம் பிஸ்கட் வாங்கி வருவார். அதனால் அவரை எனக்குப் பிடித்திருந்தது. சின்னம்மாவுக்குப் பிடிக்கவில்லை. நைனாவிடம் அவள் நேராகவே சொன்னாள்.

"மூணு மாசம் குடு மாமா. தேறலன்னா நீ காட்டுற ஆளுக்குக் கழுத்த நீட்றேன். அப்புறம் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

நைனா சரி என்றார். தேற மாட்டாள் என்ற நம்பிக்கையில்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். எனக்கும் கணக்கு சுலபமாக இருந்தது. தேறினால் கடல் தாண்டிப் போய்விடுவாள். தேறாவிட்டால் லாரிக்காரரைக் கட்டிக்கொண்டு நாலு மைல் தள்ளி இருப்பாள், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்க்கலாம், பிஸ்கட்டும் கிடைக்கும். அவள் தேறக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அவளை விழ வைத்தது ஒரே ஒரு பாடம். இங்கிலீஷில் ஒரு வினைக்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால், முதல் வினையைப் பொறுத்து இரண்டாவதுக்கு முன்னால் 'டு' போட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் 'இங்' சேர்க்க வேண்டும். வான்ட் என்றால் டு கோ. என்ஜாய் என்றால் கோயிங். டிசைட் என்றால் டு. ஃபினிஷ் என்றால் இங். லைக், ஸ்டார்ட் மாதிரி சிலதுக்கு எதைப் போட்டாலும் நடக்கும். ஏன் இப்படி என்று கேட்டால் வெள்ளைக்காரனே முழிப்பான். பேசிப் பேசிப் பழகியவனுக்கு அது தானாக வரும். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, தெலுங்கில் வேலை பார்ப்பவளுக்கு எங்கிருந்து வரும்? ஒவ்வொன்றாக மண்டையில் ஏற்ற வேண்டியதுதான்.

அவளோடு வேலை பார்த்த ஒரு மலையாளத்து நர்ஸ் குவைத் போகும்போது எந்த வினைக்கு எது என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டு பக்கம், நெருக்கமாக. சின்னம்மா மாத்திரை வரும் அட்டைப் பெட்டிகளை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து விரல் அகலத்துக்கு வெட்டினாள். ஒரு சீட்டில் ஒரு வார்த்தை. நூறுக்கு மேல் சீட்டு. மூன்று பால்பவுடர் டப்பாவைக் கழுவி, டு ஒன்றில், இங் ஒன்றில், இரண்டும் நடக்கும் என்பது ஒன்றில் என்று போட்டு அரிசி மூட்டைக்கு மேல் பலகையில் வைத்தாள். சோறு வடிக்கும்போது, துணி மடிக்கும்போது, என் தலையில் எண்ணெய் வைக்கும்போது ஒரு சீட்டை எடுப்பாள், அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்வாள்.

புத்தகத்தில் இருப்பது மாதிரி ராமு பூங்காவுக்குப் போகிறான் வாக்கியம் எல்லாம் அவள் சொல்லவில்லை. "ஷீ அவாய்ட்ஸ் டச்சிங் மை டம்ளர்" என்பாள். "ஐ ரெஃப்யூஸ் டு மேரி ஹிம்" என்பாள். எனக்கு அர்த்தம் ஒன்றும் தெரியாது. சத்தம் நன்றாக இருந்தது. தெருவில் பாண்டி ஆடும்போது அதைப் பாட்டாகப் பாடிக்கொண்டு ஒற்றைக் காலில் குதிப்பேன். ஒரு நாள் லாரிக்காரர் வந்து நின்றார். அவர் முகத்துக்கு நேராக, ஐ ரெஃப்யூஸ் டு மேரி ஹிம் என்று ராகம் போட்டுப் பாடினேன். பாப்பா இங்கிலீஷ் சூப்பரா பேசுது என்று எனக்கு ஒரு பாக்கெட் அதிகமாகக் கொடுத்தார். சின்னம்மா உள்ளே ஓடிப்போய் வாயில் துணியை அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

பக்கத்து வீட்டுக்காரி, மஸ்கட்டில் ஒட்டகத்துக்கு ஊசி போட இங்கிலீஷ் எதுக்கு என்று கேட்டாள். சின்னம்மா இன்னொரு சீட்டை எடுத்தாள்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். முதல் நாள் டு டப்பாவிலிருந்து ஒரு கை அள்ளி இங் டப்பாவில் போட்டேன். இங் டப்பாவிலிருந்து ஒரு கை அள்ளி டு டப்பாவில். தப்பாகப் படிப்பாள், தப்பாக எழுதுவாள், விழுவாள். ஒன்பது வயதுக்கு இது நல்ல யோசனைதான்.

மறுநாள் பார்த்தால் எல்லாம் பழையபடி இருந்தது. எனக்குச் சந்தேகம். சில சீட்டுகளின் முனையைப் பல்லால் கடித்து அடையாளம் வைத்து இடம் மாற்றினேன். அடுத்த நாள் கடித்த சீட்டெல்லாம் அதனதன் டப்பாவில் இருந்தது. அவள் பட்டியலைப் பார்த்துச் சரி செய்கிறாள் என்று கண்டுபிடித்தேன். பட்டியல் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. எடுத்து வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

அன்று அவள் தேடிய தேடல் இன்னும் கண்ணில் நிற்கிறது. படத்துக்குப் பின்னால், பாய்க்கு அடியில், அரிசி மூட்டைக்குப் பின்னால். அம்மாவைக் கேட்டாள். நைனாவைக் கேட்டாள். நைனா, காகிதம்தானே, காத்துல போயிருக்கும் என்றார். அப்புறம் அவள் அடுப்பைப் பார்த்தாள். அதற்கப்புறம் என் கையைப் பார்த்தாள். விரலில் கரி இருந்தது. முதுகில் விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. கை கழுவிக்கினு வா, துன்னலாம் என்றாள்.

இனி அவளால் முடியாது என்று நினைத்தேன். அப்புறம் தினமும் மூன்று டப்பாவையும் தரையில் கொட்டி, கலக்கி, கைக்கு வந்ததை வந்தபடி நிரப்பினேன். டியூட்டி முடித்து வந்தவுடன் அவள் மூன்று டப்பாவையும் முறத்தில் கொட்டுவாள். சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுப்பாள். வாய் முணுமுணுக்கும், கை போடும். முதல் வாரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தெரியாத சீட்டு இருபது முப்பது மிஞ்சும். அதை ரப்பர் பேண்டு போட்டு யூனிபாரம் பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவாள். அங்கே இங்கிலீஷ் தெரிந்த நோயாளி யார் வந்தாலும் விட மாட்டாள். ஒரு ஹைஸ்கூல் வாத்தியார் மூலத்துக்கு வந்து படுத்திருந்தார். ஊசியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சார், சஜஸ்டுக்குப் பின்னால் டுவா, இங்கா என்று தெலுங்கில் கேட்டாளாம். அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் இங், இங் என்றாராம். வீட்டுக்கு வந்து அவர் மாதிரியே செய்து காட்டினாள். அந்த வாத்தியார் ஊருக்குப் போவதற்குள் இருபது வார்த்தை வாங்கிவிட்டாள்.

இன்றைக்குச் சித்தூரில் முக்குக்கு முக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டு தொங்குகிறது. முப்பது நாளில் இங்கிலீஷாம். எட்டு மணி நேரம் நின்று, பீ மூத்திரம் அள்ளி, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, முறத்தின் முன்னால் உட்கார்ந்த ஒருத்தியை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஆள் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை.

மூன்றாம் மாதம் முறத்தில் ஒரு சீட்டும் மிஞ்சவில்லை. அரிசி பொறுக்குகிறவள் கல்லை எடுப்பது மாதிரி கை போய்க்கொண்டிருந்தது. உலையில் அரிசி போட்டுவிட்டு உட்காருவாள், சோறு வேகும் முன் எழுந்துவிடுவாள். நான் இன்னும் நன்றாகக் கலக்கினேன்.

நைனா அவளைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பத்து நாள் கழித்து பூத்துக்காரர் பையனை அனுப்பினார், போன் வந்திருக்கிறது என்று. சின்னம்மா செருப்பு போடாமல் ஓடினாள். திரும்பி நடந்து வந்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள், சந்தோஷமா துக்கமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. நைனா, லாரிக்காரரிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். நான் அன்று சாப்பிடவில்லை. நான் மூன்று மாதம் பாடுபட்டும் எப்படித் தேறினாள் என்று எனக்குப் புரியவே இல்லை.

அவள் கிளம்பிய அன்று வீட்டு வாசலில் காலனியே நின்றது. ஆட்டோ வந்துவிட்டது. அம்மா பலகையைத் துடைத்துக்கொண்டே, டப்பாவைப் பார்த்து இத்தனை நாள் மனதில் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"தெனம் எல்லாம் கலைஞ்சி கெடந்திச்சே, உன் டிரங்குப் பொட்டில வெச்சிப் பூட்டிக்கினு இருக்கலாம் இல்ல?"

சின்னம்மா சிரித்தாள்.

"அக்கா, பூட்டிட்டா யாரு கலைக்கிறது? லிஸ்ட்டு இருந்திருந்தா அதையே பாத்துக்கினு இருந்திருப்பேன். தெனம் ஒருத்தி கலைச்சா, தெனம் நான் முழுசா அடுக்கினேன். எந்த டியூஷன்ல இப்டி வெப்பாங்க?"

சொல்லிவிட்டு என்னிடம் வந்து குனிந்தாள். என் தாடையைப் பிடித்தாள். "தேங்க் யூ ஃபார் மிக்ஸிங்" என்றாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். நைனா பார்த்தார். வாசலில் நின்றவர்களும் பார்த்தார்கள், சிரித்தார்கள். ஊர் முன்னால் என்னைத் திருடி என்று காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். தாடையைப் பிடித்திருந்த அந்தக் கையைக் கடித்துவிட்டேன். நன்றாகவே கடித்தேன். அம்மா என்னை அடிக்க வந்தாள். சின்னம்மா குறுக்கே நின்றுகொண்டாள். நான் கடித்த கையாலேயே என் தலையை ஒரு முறை கோதிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

அவள் சொன்ன நாலு வார்த்தையில் எனக்கு அர்த்தம் தெரிந்தது தேங்க் யூ மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எதற்கு என்றுதான் தெரியவில்லை.