நாலு லிட்டர் தண்ணீரும் ஒரு மலைக்காரியும்

இந்த ஊரில் துணியைக் கொடியில் போட்டுவிட்டு டீ போட்டுக் குடித்து வருவதற்குள் அது அப்பளமாகக் காய்ந்துவிடுகிறது. ஏற்காட்டு நாகலூர்க்காரிக்கு இது நம்பவே முடியாத காரியம். எங்கள் வீட்டில் ஐப்பசியில் துவைத்த சட்டை கார்த்திகையிலும் ஈரமாகத்தான் கிடக்கும். ஆஸ்திரேலியாவின் நட்டநடுவே, மழையையே மறந்துபோன ஊரில் எனக்கு வேலை. வந்து எட்டு மாதம் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் குன்றேறும் குழு ஒன்று கிடைத்தது. ‘நான் மலையிலேயே பிறந்தவள்’ என்று அவர்களிடம் ஏகத்துக்கும் அளந்து வைத்திருந்தேன்.

ஏறுவதற்கு முன் குழுத்தலைவர் பீட்டர் எல்லோர் பையையும் திறந்து பார்ப்பார். பை சரியில்லாதவர்கள் வேனிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். என் பையிலிருந்து முதலில் குடை வந்தது. வானத்தில் மருந்துக்கும் மேகமில்லை. “வெயிலுக்குக் குடை, நல்ல யோசனை” என்றார். மழைக்கு என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. அடுத்து உப்பு முடிச்சு. அட்டைப்பூச்சி காலில் ஏறினால் வைப்பதற்கு. “வியர்த்துப் போகிற உப்பை ஈடுகட்ட. இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்” என்று எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். அந்தக் காய்ந்த பாறையில் அட்டைக்கு என்ன வேலை? நான் அடக்கமாகத் தலையாட்டினேன்.

“தண்ணீர் எங்கே?”

“வழியில் இருக்குமே.”

“வழியில் கல் இருக்கும்.”

என்ன செய்வது, எங்கள் மலையில் தண்ணீர் சுமந்து நடந்தவரை நான் பார்த்ததே இல்லை. எஸ்டேட் ஓரத்தில் எங்காவது ஊற்று கசியும்; இல்லாவிட்டால் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் ஒரு சொம்பு வரும். ஒண்டிக்கடை வரை போனால் டீயே கிடைக்கும். அங்கே குடையை மறந்தவளைத்தான் பைத்தியம் என்பார்கள். பீட்டர் வேனிலிருந்து நாலு லிட்டரை எடுத்து என் முதுகில் ஏற்றினார். மலைக்காரியின் மானம் போயிற்று. ஆனால் மத்தியானத்துக்குள் நாலு லிட்டரும் காலி. அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

அதிலிருந்து, உறிஞ்சும் குழாய் வைத்த தண்ணீர்ப் பை இல்லாமல் நான் படியிறங்கியதில்லை. போன ஐப்பசியில் லீவுக்கு நாகலூர் போயிருந்தேன். வாழவந்தியில் இருக்கும் சிநேகிதியைப் பார்க்கப் பையும் தொப்பியுமாகக் கிளம்பினேன். அண்ணி வாசலில் நின்று ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏன் அம்மிணி, கெணத்தையே தூக்கிட்டுப் போற? பஸ்ல போயேன்.”

“மலைக்காரிக்கு எதுக்கு அண்ணி பஸ்ஸு?”

அரை மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பாலைவனத்துக்கென்று வாங்கிய வலைத்துணி ஷூ தண்ணீரை வாங்கி வாங்கித் துப்பியது. தொப்பி ஊறிக் கண்ணை மறைத்தது. குடை என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. என்மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது.

காப்பித் தோட்டத்திலிருந்து ஒரு பெண் ஏறி வந்தாள். உரச்சாக்கின் ஒரு மூலையை உள்ளே தள்ளித் தலையில் மாட்டியிருந்தாள்; தோளில் ஒரு சொட்டு ஈரமில்லை. என் பையிலிருந்து தொங்கும் குழாயையே பார்த்தாள்.

“ஏனுங்க, என்னங்க அது?”

“குடிக்கிற தண்ணிங்க.”

மழையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “நொம்ப நனைஞ்சுட்டீங்க. எந்தூருங்க நீங்க?” என்றாள்.

நாகலூர் என்று வாய்வரை வந்தது. மழை விட்டால் அங்கிருந்தே எங்கள் வீட்டு ஓடு தெரியும். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“சேலமுங்க” என்றேன்.

“அதானுங்களே பாத்தேன். கீழ இருந்து வர்றவங்களுக்கு இந்த மழை ஒத்துக்காதுங்க” என்று தன் சாக்கைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டு, அவள் நனைந்துகொண்டே நடந்தாள்.