மேனேஜர் சேர்த்த ஸ்ரீ

என் மேசை இழுப்பறையில் இரண்டு தாள்கள் ஒரே குண்டூசியில் குத்திக் கிடந்தன. ஒன்று, நான் தெலுங்கில் கைப்பட எழுதிய மன்னிப்புக் கடிதம். மற்றது ஒரு மெயிலின் தலைப்பு வரிகள். மெயில் எந்த வழியாக வந்தது, வழியில் அதைத் தொட்டது யார் என்பதெல்லாம் அந்த வரிகளில் இருக்கும். யாரும் அவற்றைத் திறந்து பார்ப்பதில்லை.

அந்தக் கடிதம் எழுதியபோது நான் திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் பிரிவில் தற்காலிக ஊழியர். ஒரு முகவரிக்கு அனுப்பினால் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் மெயிலைப் பிரித்து அனுப்பும் பழைய மென்பொருள் ஒன்று அங்கே இருந்தது. அதற்குப் பொறுப்பு எங்கள் பிரிவின் மேனேஜர். லீவு லெட்டரோ பிரிண்டர் டோனர் கேட்கும் சீட்டோ, உச்சியில் 'ஸ்ரீ' போடாமல் எதையும் எழுதத் தொடங்கமாட்டார்.

செய்முறைத் தேர்வின் தேதி மாறியதை நான்தான் அந்தப் பட்டியல் வழியாக மெயிலில் அனுப்பினேன். பாதி ஆசிரியர்களுக்கு அது தெரியவே இல்லை. ஏர்பேடு, காளஹஸ்தியிலிருந்து பஸ் பிடித்து வந்த பிள்ளைகள் பூட்டிய லேப் வாசலில் நின்றார்கள். முதல்வர் அறையில் அத்தனை பேர் முன்னால் மேனேஜர் சொன்னார்: "இவ வீட்ல பள்ளிக்கூடம் பக்கம் போனவங்களே கிடையாது சார். இவளுக்கு மெயில் அனுப்பத் தெரியுமா?" என் வேலை நிரந்தரமாவது அங்கேயே நின்றது. மன்னிப்புக் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "மேல ஸ்ரீ போடும்மா" என்றார். போட்டேன்.

சத்தியவேடு பக்கத்தில் கூலி வேலைக்குப் போகிற என் அப்பா கேட்டார்: "தப்பு நீ செஞ்சியா?"

"இல்ல நைனா."

"படிக்கத் தெரியாம கண்ட பேப்பர்லயும் கைநாட்டு வெச்சவன் நானு. படிச்சிக்கினு நீ இன்னாத்துக்கும்மா வெச்சே?"

அன்று முதல் தேடினேன். நான் அனுப்பிய பிரதியையும் பட்டியல் வழியாக வந்த பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டேன். தேர்வுக்கு முன் வந்த ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டர்களுக்குக் குங்குமம் வைத்த கையோடு, பட்டியலில் போகும் ஒவ்வொரு மெயிலின் பொருள் (சப்ஜெக்ட்) வரிக்கு முன்னாலும் தெலுங்கு எழுத்தில் ஸ்ரீ வரும்படி மேனேஜர் அமைத்திருந்தார். ஆங்கிலமல்லாத எழுத்து தலைப்பில் வந்தால் அதைக் குறியீடாக மாற்றி அனுப்ப வேண்டும். அந்த மென்பொருளுக்கு அது தெரியாது, அப்படியே ஒட்டியது. வழியில் எதுவும் மாறவில்லை என்று காட்ட, கிளம்பும்போது மெயிலுக்கு இட்ட முத்திரையும் அதனால் உடைந்தது. முத்திரை உடைந்த மெயிலைப் பலருடைய பெட்டி ஸ்பேமில் தள்ளியது. மற்றவர்களுக்குப் பொருள் வரியைக் கேள்விக்குறிகளாகக் காட்டியது.

ஒரு நிமிடத்தில் சரிசெய்திருக்கலாம். யாரிடமும் சொல்லவில்லை. கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வரவிருந்தது. பதினைந்து நாள் காத்திருந்தேன். அதற்குள் வேறு மெயில்களும் தவறியிருக்கும். தெரிந்தேதான் இருந்தேன்.

குழுத் தலைவரின் முகவரியையும் பட்டியலில் சேர்த்து, குழுவின் முன் மேனேஜர் பெருமையாக ஒரு மெயில் அனுப்பிக் காட்டினார். குழுத் தலைவர் போனைத் தடவித் தடவிப் பார்த்து, கடைசியில் ஸ்பேமிலிருந்து கேள்விக்குறிகளோடு அதை எடுத்தார். "என்னம்மா செஞ்சு வெச்ச?" என்று மேனேஜர் என் பக்கம் பாய்ந்தார். தலைப்பு வரிகளையும், ஸ்ரீயைச் சேர்த்தபோது அவர் பெயரும் தேதியும் பதிவான அமைப்புப் பக்கத்தையும் முதல்வர் முன் வைத்தேன்.

"முன்னாடியே சொல்லக்கூடாதா?" மேனேஜரின் குரல் இறங்கியிருந்தது.

"மெயில் அனுப்பத் தெரியாதவ சார் நானு."

முதல்வர் அவரையும் மன்னிப்பு எழுதித் தரச் சொன்னார். பேனாவை எடுத்தவரிடம், "மேல ஸ்ரீ மறந்துடாதீங்க சார்" என்றேன். அவர் ஸ்ரீ போட்டதை நிதானமாகப் பார்த்தேன்.

இன்று சித்தூரில் ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. போன வாரம் அவரிடமிருந்து ஒரு மெயில். ஓய்வு பெற்றுவிட்டாராம், பகுதி நேர வேலை ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருந்தார். பதில் போடவில்லை. மூன்றாம் நாள் இன்னொன்று: "மேடம், என் மெயில் வந்ததா? தயவுசெய்து ஸ்பேமில் பாருங்கள்."

பார்த்தேன். அங்கே இல்லை. முதல் மெயிலின் தலைப்பைத் திறந்தேன். பொருள் வரியில் ஸ்ரீ இல்லை. வழி சுத்தம், முத்திரை உடையவில்லை, நேராக என்னிடமே வந்து சேர்ந்திருக்கிறது. பதில் எழுதாமல் அந்த வரிகளை அச்செடுத்தேன். இழுப்பறையைத் திறந்து, அதே குண்டூசியில் மூன்றாவதாகக் குத்தி வைத்தேன்.