சங்கு ஊதுமுன் ஒரு வாசனை

நாய் குளிப்பாட்டிப் பிழைக்கும் என் தொழில் கூட்டாளிகளே, நாய் கடித்தால் ஊசி இருக்கிறது. நாய் வளர்ப்பவரின் அவசரத்துக்குத்தான் எந்த ஊசியும் இல்லை! பெரம்பலூரில் கடை வைத்திருக்கிறேன். பயந்த நாய்களை மெல்லிய வாசனை காட்டி அமைதிப்படுத்துவதும் என் வேலைதான்.

வீடு நிறையப் புகை

அரியலூர்ப் பக்கம் செல்வி அக்காவின் நாய் ராஜா. வீட்டுக்கு அருகில் சுண்ணாம்புக்கல் குவாரி. மதியம் சங்கு ஊதும், சற்று நேரத்தில் வெடி வைப்பார்கள். ராஜா சங்கிலியை அறுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடும். இரண்டு முறை லாரியில் அடிபடாமல் தப்பியது. இன்னொரு முறை ஓடினால் பாடாலூரில் மச்சான் வீட்டில் விட்டுவிடுவதாக அக்காவின் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அக்கா அழுதுகொண்டே போன் செய்தார்.

"வீட்டில் லேசாக நல்ல வாசனை இருக்கட்டும்" என்றேன். மறுநாள் போனால் சாம்பிராணிப் புகையில் வீடே தெரியவில்லை. ராஜா வாசலில் நின்று தும்முகிறது. "நாய் மூக்கு என்ன, நம்ம மூக்கா?" என்று கத்தியேவிட்டேன். அக்கா தூபக்காலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "லேசாத்தான் தம்பி போட்டேன். வெள்ளிக்கிழமைன்னா இன்னும் ரெண்டு பிடி போடுவேன்."

வெட்டிவேர் முடிச்சு

கொஞ்சம் வெட்டிவேரைத் துணியில் முடிந்து கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து ஆசை ஆசையாகப் போனேன். அக்கா முடிச்சை வெளியே எடுத்ததுதான் தாமதம், ராஜா கட்டிலுக்கு அடியில் பாய்ந்துவிட்டது. சங்குகூட ஊதவில்லை!

விசாரித்தால், அக்கா அதை டப்பாவில் மூடிவைத்து, சங்கு ஊதும்போது மட்டும் வெளியே எடுத்திருக்கிறார். இந்த வாசனை வந்தால் அடுத்து வெடிதான் என்று ராஜா புரிந்துகொண்டுவிட்டது. எப்போது காட்ட வேண்டும் என்று சொல்லாதது என் தப்பு. வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஊருக்கு ஒரு சங்கு பத்தாதுன்னு எங்க வூட்டுக்குத் தனியா ஒண்ணு குடுத்துட்டீங்களே!"

பன்னீர் ரோஜா

வாசனையை மாற்றினேன். காய்ந்த பன்னீர் ரோஜா இதழ் நாலைந்து, அவ்வளவுதான். காலையில் சோறு வைத்துத் தடவிக்கொடுக்கும் நேரத்தில் மட்டும் ராஜா படுக்கும் சாக்கின் ஓரத்தில் வைக்கச் சொன்னேன். வெடி நேரத்தில் கதவைச் சாத்தி ராஜாவை உள்ளேயே வைத்திருந்தார்கள். பதினைந்து நாள் இப்படியே போனது.

பதினாறாம் நாள் சங்குக்கு வெகுநேரம் முன்னாலேயே இதழ்களைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைத்தோம். சங்கிலியும் இல்லை. வீட்டுக்காரர் பாடாலூருக்குப் போகத் தயாராக வண்டிச் சாவியோடு நின்றார். அக்கா வாய்க்குள் சாமி பெயரை முணுமுணுத்தார். சங்கு ஊதியது. ராஜா எழுந்தது! அது இதழை முகர்ந்தது, ஒருமுறை வாலை ஆட்டியது, சாக்கில் படுத்துக்கொண்டது. வெடி வெடித்துப் பாத்திரமெல்லாம் அதிர்ந்தது. ராஜாவின் காது மட்டும் லேசாக அசைந்தது. ஐயோ, எனக்கு வந்த சந்தோஷத்தில் "ஜெயிச்சாச்சு!" என்று கத்திக்கொண்டு துள்ளிக் குதித்துவிட்டேன்.

ராஜா அலறியடித்துக் கட்டிலுக்கு அடியில் ஓடியது. வீட்டுக்காரர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: "அவன் இங்கயே இருக்கட்டுங்க. பாடாலூருக்கு வேணா நீங்க போங்க."

ஆக, நாயை அமைதிப்படுத்தும் வாசனை எனக்குக் கிடைத்துவிட்டது. என்னை அமைதிப்படுத்தத்தான் இன்னும் ஒன்றும் அகப்படவில்லை.