பத்திரப்படுத்திய சவ்சவ்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். செபமாலை ஒரு துரைசாணியையே கேக்குக்குள் மறைத்து வைத்திருந்தார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, இருபது வருஷம்.

றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி மேலே ஏறினால் மூன்றாவதாக வருகிற தோட்டத்தில், பெரிய பங்களாவின் சமையல்காரர் அவர். பங்களாவில் சமைக்கிறவரை அந்தப் பக்கத்தில் அப்பு என்பார்கள். ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு. கோழிக் குழம்பு வைப்பார், புடிங் செய்வார், ஆனால் அதற்கெல்லாம் யாரும் அவரைக் கொண்டாடவில்லை. தோட்டம் அவரைக் கொண்டாடியது கிறிஸ்மஸுக்குச் செய்கிற நத்தார் கேக்குக்காக.

ஒவ்வொரு நத்தாருக்கும் பங்களாவிலிருந்து அவருக்கு ஒரு முழுக் கேக் கிடைக்கும். அதை இரண்டு விரல் அகலத் துண்டுகளாக வெட்டுவார். தேயிலைப் பெட்டிக்கு உள்ளே விரிக்கிற ஈயத்தாளை ஃபெக்டரியில் கேட்டு வாங்கி, ஒவ்வொரு துண்டையும் அதில் சுற்றி, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வீட்டுக்கு ஒன்றாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். வேதக்கார வீடு, சைவ வீடு என்று வித்தியாசம் பார்க்கமாட்டார். தீபாவளிக்கு அங்கிருந்து முறுக்கும் அதிரசமும் வந்திருக்கும். வாங்கிய கை திருப்பிக் கொடுக்காமல் இருக்கிற பழக்கம் அந்த லயத்தில் யாருக்கும் கிடையாது. பக்கத்து வீட்டு மாயாண்டிக் கங்காணிக்கு மட்டும் இரண்டு துண்டு. அவர் பல் போன வாயில் கேக்கை நெடுநேரம் ஊறவைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "அப்பு, ஒங்க கைக்கு மோதிரம் போடணும்" என்பார். மோதிரம் மட்டும் கடைசிவரை வரவில்லை.

முதல் வருஷம் கங்காணி, "நீங்களா செஞ்சீங்க?" என்று கேட்டபோது, "நம்ம கைதான்" என்று சொல்லிவிட்டார் செபமாலை. அது பொய்யில்லை. வெண்ணெயையும் சீனியையும் தோள்பட்டை கழன்று போகிற மட்டும் அடித்தது அவர் கைதான். என்ன போடுவது, எவ்வளவு போடுவது, எப்போது போடுவது என்பதெல்லாம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவியான துரைசாணியின் கை. தான் சேர்த்து வைத்திருந்த போத்தல்களைத் திறக்கிற நேரம் பார்த்து அவள் இவரை விறகு கொண்டுவர அனுப்பிவிடுவாள். இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் செபமாலையின் மனைவி ஐவி. கொழுந்து எடுக்கிறவள். கை வேகம், வாய் அதைவிட வேகம்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்ததும் வெள்ளைக்காரத் துரை பெட்டி கட்டினார். எழுபத்தாறில் நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து ஒரு சிங்களத் துரை வந்தார். அவருடைய மனைவி, அதாவது நோனா, கத்தோலிக்கப் பெண், நத்தார் என்றால் உயிர். டிசம்பர் முதலாம் திகதி செபமாலையைக் கூப்பிட்டு, சிங்களத்தில் நிதானமாகச் சொன்னாள். தோட்டம் முழுக்க அவருடைய கேக்கைப் பற்றித்தான் பேச்சாம். நத்தாருக்கு நோனாவின் அம்மா வருகிறாளாம். தன்னுடைய சமையல்காரனை இங்கே அனுப்பட்டுமா என்று அந்த அம்மா நச்சரிக்கிறாளாம். கேக்கைச் சாப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு. சரியில்லை என்றால் அப்பு வருத்தப்படக் கூடாது, துரை அவருக்கு மலையில் ஒரு வேலை போட்டுக் கொடுப்பார்.

மலையில் வேலை என்றால் விடிகாலைப் பனியில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய், பேர் கூப்பிடுகிற வரைக்கும் நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு தேயிலைச் செடியைக் கத்தரிக்கிற கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு அட்டைக் கடியில் மலையேற வேண்டும். செபமாலை இருபத்தைந்து வருஷமாகத் தூக்கிய பெரிய ஆயுதம் அகப்பை. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஊர்ல உள்ளவங்க பொய் சொல்லி மாட்டிக்குவாங்க," என்றாள் ஐவி. "நீங்க பொய் சொல்லாமலே மாட்டிக்கிட்டீங்க."

பழைய துரைசாணியின் சமையல் கொப்பி ஒன்று பங்களா அலமாரியில் கிடந்தது. அது இங்கிலீஷில் இருந்தது. செபமாலைக்கு இங்கிலீஷ் பேசினால் பாதி புரியும், எழுதினால் ஒன்றும் புரியாது. நோனாவிடம் வாசிக்கக் கொடுத்தால் மானம் போகும். கொப்பியைத் துவாயில் சுற்றிக்கொண்டு தோட்டப் பள்ளிக்கூடத்துப் பத்திநாதன் மாஸ்டரிடம் போனார்.

"கண்ணாடி ஒடஞ்சிருச்சு மாஸ்டர். எழுத்து மசமசன்னு தெரியுது. கொஞ்சம் வாசிங்க."

செபமாலை பிறந்ததிலிருந்து கண்ணாடி போட்டதில்லை என்பது மாஸ்டருக்குத் தெரியும். பெரிய மனுஷர், கொப்பியை வாங்கிக்கொண்டார். ரவை, வெண்ணெய், முட்டை, கஜு, பிளம்ஸ் என்று ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நின்றார்.

"சவ்சவ்னு போட்டிருக்கு."

"நம்ம சவ்சவ்வா?"

"வேற எந்தச் சவ்சவ்? பக்கத்துல பிரிசர்வ்னு இருக்கு. அப்படின்னா பத்திரப்படுத்துறது. சவ்சவ்வ ஒரு போத்தல்ல பத்திரப்படுத்தணும்."

சவ்சவ் அந்தத் தோட்டத்தில் வேலிக்கு வேலி தொங்குகிற காய். மாடுகூட அலுத்துப்போய்த் திரும்பிப் பார்க்காது.

"அத எதுக்கு மாஸ்டர் பத்திரப்படுத்தணும்? சவ்சவ்வ எவன் களவெடுப்பான்?"

"வெள்ளக்காரங்க எல்லாத்தையும் பத்திரமாத்தான் வைப்பாங்க," என்றார் மாஸ்டர். அவருடைய இங்கிலீஷ் அதோடு முடிந்தது.

சொன்னபடியே செய்தார் செபமாலை. ஒரு சவ்சவ்வை நறுக்கிப் போத்தலில் போட்டு, இறுக்கி மூடி, தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். நாலாம் நாள் ஐவி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "ஏங்க, பத்திரமா இருக்கிறது நாறுது" என்றாள்.

வேறு வழியில்லாமல் பஸ் ஏறி அட்டனுக்குப் போய், சோமசுந்தரம் முதலாளியின் கடையில் விசாரித்தார். போத்தலில் அடைத்த சவ்சவ் இருக்கிறதா என்று கேட்டதும் முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மலையிலேருந்து சவ்சவ் வாங்க டவுனுக்கு வந்த மொத ஆளு நீங்கதான்." பிறகு நினைவு வந்தவர் போலச் சொன்னார். "ஓ, கேக்குக்குப் போடுறதா? சீனாவுலேருந்து வந்துகிட்டிருந்திச்சு. என்னமோ காயி, இஞ்சியோட சீனிப்பாகுல கெடக்கும். அதெல்லாம் நின்னு மூணு வருஷமாச்சு அப்பு."

செபமாலைக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது, அதாவது பேர் ஒன்றாக இருந்ததால் தப்பாக விளங்கிவிட்டது. சீனாக்காரன் சவ்சவ்வுக்கு நம்முடைய சவ்சவ் எந்த விதத்தில் குறைச்சல்? பாகும் இஞ்சியும்தானே வேண்டும். மாயாண்டிக் கங்காணியின் வேலியில் ஒரு கூடை காய் பறித்தார்.

"பங்களாவுல கறிக்கு இவ்வளவு பஞ்சமா?" என்று கேட்டார் கங்காணி.

"தொரைக்குப் பத்தியம்," என்றார் செபமாலை. உடைந்த கண்ணாடியைக் கணக்கில் சேர்க்காவிட்டால், இதுதான் அவருடைய முதல் அசல் பொய்.

பங்களாச் சீனியில் முதல் தடவை செய்தபோது காய் கரைந்து கூழாகிவிட்டது. இனி அங்கே கை வைத்தால் நோனாவுக்குத் தெரிந்துவிடும். மிச்சம் இருந்தது வீட்டுக் கூப்பன் சீனிதான். சீனிக்கு நாடே அலைகிற காலம் அது. செபமாலை கேட்கத் துணியவில்லை. ஐவியே டின்னைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"நத்தார் வரைக்கும் சாயத்தண்ணிய சீனியில்லாம வெறுமன குடிப்போம். நீங்க கவ்வாத்து வெட்டி, விரல வெட்டிக்கிட்டு வந்து நிக்கிறத விட இது மேல்." அதோடு நிற்காமல் தன் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பையும் எடுத்தாள். "நோட்டன் பிரிட்ஜ்ல சிங்களத்துப் பொம்பளங்க பூசணித் தோசின்னு ஒரு இனிப்பு செய்வாங்க. காயச் சுண்ணாம்புத் தண்ணியில ஊறப் போட்டுத்தான் பாகுல போடுவாங்க. அப்பத்தான் கரையாது."

கரையவில்லை. கண்ணாடி மாதிரி பச்சைப் பச்சையாக, கடித்தால் நறுக்கென்று உடைகிற மாதிரி வந்தது. அதைப் போத்தலில் அடைத்துப் பங்களாவுக்குக் கொண்டுபோனார். நோனா கொழும்பில் தேடிப்பிடித்த பிளம்ஸோடும் கஜுவோடும் கலந்தார். நோனா எட்டிப் பார்க்க வந்தபோது, "கண்ணு பட்டா கேக் அமுங்கிரும் நோனா" என்று சொல்லி, மரியாதையாக வெளியே அனுப்பிவைத்தார். அடுப்பிலிருந்து இரண்டு கேக் இறங்கின. அமுங்கவில்லை. செபமாலை சிலுவை போட்டுக்கொண்டார்.

நத்தார் அன்று சாப்பாட்டு மேசையில் பெரிய நோனா உட்கார்ந்திருந்தாள். கனத்த உடம்பு, சிரிப்பே அறியாத முகம். செபமாலை தட்டைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார். அவள் ஒரு வாய் மென்றாள். நிறுத்தினாள். மறுபடி மென்றாள். செபமாலையின் காதில் பெரட்டுக்குப் பேர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"சவ்சவ் போட்டிருக்கிறாயா?"

"ஆமா, பெரிய நோனா."

"மூன்று வருஷமாகக் கொழும்பு முழுக்கத் தேடுகிறேன். உனக்கு எங்கே கிடைத்தது?"

செபமாலை அன்றைக்குப் பொய் சொல்லவில்லை.

"போத்தல்ல பத்திரப்படுத்தி வச்சிருந்தேன், பெரிய நோனா."

பெரிய நோனா மகளைப் பார்த்தாள். இவ்வளவு முன்யோசனை உள்ள ஆளை வைத்துக்கொண்டு என்னிடம் எதற்குச் சமையல்காரன் கேட்கிறாய் என்று சீறினாள். மகள் கேட்கவே இல்லை என்பது வேறு விஷயம். செபமாலையின் அடுப்படி தப்பியது. இரண்டாவது கேக்கும் ஒரு சட்டைத் துணியும் அவருக்குக் கிடைத்தன.

இவ்வளவோடு அவர் சந்தோஷமாக இருந்திருக்கலாம். ஆனால் அன்று பின்னேரம் ஈயத்தாளில் சுற்றிய துண்டுகளோடு லயத்துக்கு இறங்கியபோது, அவருடைய நெஞ்சு பங்களாவில் அடித்ததைவிடப் பலமாக அடித்தது. இருபது வருஷத்தில் அவர் மாயாண்டிக் கங்காணிக்குத் தன் சொந்தக் கேக்கைக் கொடுப்பது அதுதான் முதல் தடவை.

கங்காணி கண்ணை மூடினார். ஊறவைத்தார். கண்ணைத் திறந்தார்.

"நல்லாத்தான் இருக்கு அப்பு. ஆனா ஒண்ணு, போன வருஷத்து ருசி இல்ல. எனக்கென்னமோ சவ்சவ் வாடை அடிக்குது."

"வயசாகுதுல்ல," என்றாள் கங்காணியின் மனைவி நாகலெட்சுமி. "கைப்பக்குவம் கொறையத்தான செய்யும்."

அடுத்தவள் கேக்குக்கு வந்த புகழையெல்லாம் இருபது வருஷம் கூசாமல் வாங்கிக்கொண்ட மனிதர், தன் கேக்குக்கு வந்த முதல் குறையில் உடைந்துபோனார். வலித்தது. அந்தப் பழைய இருபது கேக்கையும் தூக்கிக் கொடுத்தாவது இந்த ஒன்றைக் காப்பாற்ற வேண்டும் போல இருந்தது.

"கங்காணி, ஒரு உண்மைய சொல்றேன். முந்தித் தந்தது எதுவும் நான் செஞ்சதில்ல. எல்லாம் தொரைசாணி செஞ்சது. நான் சும்மா கிண்டிக் குடுத்தேன். எங் கையால செஞ்ச மொதக் கேக் இதுதான்."

கங்காணி எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"நான் சொன்னது தப்புத்தான் அப்பு. அதுக்காக இப்படியா? ஒரு வருஷம் சரியா வரலேன்னு இருபது வருஷம் செஞ்சத இல்லேன்னு சொல்லலாமா? வெள்ளக்காரச்சி கேக் செஞ்சாளாம். அவளுக்குத் தேத்தண்ணி ஊத்தவாவது தெரியுமா?"

செபமாலை சாட்சிக்கு ஐவியைப் பார்த்தார்.

"அவரு சொல்றது சத்தியம் கங்காணி," என்றாள் ஐவி. "எனக்கு மொதல்லேருந்தே தெரியும்."

"பாத்தியா," என்று நாகலெட்சுமி நெகிழ்ந்துபோய்ப் புருஷனிடம் சொன்னாள். "பொஞ்சாதின்னா இப்படித்தான் புருஷன விட்டுக் குடுக்காமப் பேசணும்."

அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து தேற்றினார்கள். அடுத்த வருஷம் பழையபடி செய்துவிடலாம், மனதை விடக் கூடாது என்றார்கள். செபமாலை தலையை ஆட்டிக்கொண்டே வீட்டுக்குள் போய்ப் பலகையில் உட்கார்ந்தார். ஐவி தன் பங்குத் துண்டைப் பிரித்துத் தின்றாள். எல்லா வருஷமும் அதை யாராவது பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறவள், அன்றைக்கு ஈயத்தாளில் ஒட்டியிருந்த தூளையும் விரலால் தொட்டு நக்கினாள்.

"நல்லாருக்குங்க," என்றாள்.

கேக்கைப் பற்றி அவள் அவரிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்.

"ஆனா சீனியும் சுண்ணாம்பும் என்னுது. பாதி நான் செஞ்சதுன்னு வெளிய போய்ச் சொல்லிட்டு வாங்க."

"சொன்னா யாரு நம்புறா?" என்றார் செபமாலை.