பிட்டர் ஞானமுத்துவும் ஆறு காக்கிக் கால்களும்

சேலத்திலிருந்து முதல் பஸ் வந்து நின்றதும் கண்டக்டர் இறங்கி, நேராக நான் உட்கார்ந்திருந்த டீக்கடைக்கு வந்தார். "வாத்தியாருங்க, உங்க பக்கத்தூட்டு பிட்டர் ஐயா விடியக்காலம் ஆஸ்பத்திரியில போயிட்டாருங்க. அவரு ஊட்டு அம்மா உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க" என்றார். கையிலிருந்த டீயைக் குடிப்பதா, கீழே வைப்பதா என்று தெரியவில்லை. பஸ் ஜன்னலிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "யாரு, அந்தப் பேண்ட்டு மெஷின்காரருங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஞானமுத்துவை அறிந்த ஊர்க்காரர்களான நீங்கள் என்னைத் தப்பாக நினைக்க மாட்டீர்கள்.

காப்பி எஸ்டேட் ஒன்றில் முப்பது வருஷம் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் ஓய்வு பெற்று, ஏற்காட்டில் என் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்கு வந்தார். வந்த மாதமே பின்னறையில் ஒரு ரம்ப மெஷினையும் இழைப்பு மெஷினையும் இறக்கிவிட்டார். உங்களில் பலர் வீட்டில் அவர் செய்த சில்வர் ஓக் அலமாரி இருக்கும். மழைக்காலத்தில் அதன் கதவு திறக்காது, வெயில் காலத்தில் மூடி நிற்காது. கேட்டால், "மரத்துக்கும் ரோசம் உண்டுங்க, நாமதான் அனுசரிச்சுப் போவோணும்" என்பார். அலமாரியைத் திருப்பி எடுத்துக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை.

பட்டறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. மரத்தூள் ரசத்தில் மிதந்தது, தலையணையில் படிந்தது. அதையெல்லாம் அவர் மனைவி அருள்மேரி பொறுத்துக்கொண்டார். மூச்சிழுப்பு வந்த பிறகு பொறுக்க முடியவில்லை. இந்தத் தூசியில் இருந்தால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு நாள் அருள்மேரி வேலியோரம் வந்து, புருஷனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, நீங்களே சாட்சி. கிறிஸ்துமஸுக்குள்ள இந்தத் தூசி அடங்கோணும். இல்லீன்னா நான் சேலத்துல மவ ஊட்டுக்குப் போயிருவேன். அப்பறம் திரும்பி வரமாட்டேனுங்க."

வெறும் பேச்சு பேசுகிறவர் அல்ல அவர். அன்றைக்கே தகரப் பெட்டியில் புடவைகளை அடுக்கி வாசற்படி ஓரமாக வைத்துவிட்டார். வெளியே போகும்போதும் வரும்போதும் ஞானமுத்து அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத மனிதர், மனைவியை விட்டு ஒரு வாரம் இருந்து பழகாதவர். "ரம்பத்தை விற்றுவிடுங்களேன்" என்றேன். "அத வித்துப்போட்டு நாளு பூரா அவ மூஞ்சிக்கு எதுத்தாப்பல உக்காந்திருந்தன்னா, அவ ஒரே வாரத்துல போயிருவாளுங்க" என்றார். யோசித்துப் பார்த்தேன், நியாயமாகத்தான் பட்டது.

எஸ்டேட் கழிவு இரும்பில் கிடந்த ஒரு பெரிய விசிறி அவர் கைக்கு வந்தது. காப்பிக்கொட்டை உடைக்கிற மெஷினில் தோலை ஊதி வெளியே தள்ளுகிற விசிறி. தூசி வாங்குகிற மெஷின் என்றால் உறிஞ்ச வேண்டும் என்று எனக்கே தெரியும். ஆனால் முப்பது வருஷம் ஊதுவதையே பார்த்த மனிதருக்கு உறிஞ்சுவது தோன்றவில்லை. ரம்பத்துக்குப் பின்னால் விசிறியை வைத்து, ஜன்னலைப் பார்த்துத் திருப்பி, சுவிட்சைப் போட்டார். பட்டறையில் அதுவரை சேர்ந்திருந்த தூள் மொத்தமும் எழுந்து, வேலியைத் தாண்டி, முற்றத்தில் அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த என்மீது இறங்கியது. என் கண்ணாடியைத் துடைக்கவே கால்மணி நேரம் ஆனது. "உங்க பக்கம் வந்துதுங்களா? அப்ப மெஷின் வேல செய்யுதுங்க!" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல் சந்தோஷமாகக் கேட்டது.

இரண்டாம் தடவை விசிறியை உறிஞ்சும்படி திருப்பினார். பாமாயில் டின்களை வெட்டிப் பற்றவைத்துக் குழாய் செய்தார். தூளைப் பிடிக்க விசிறியின் வாயில் காப்பிக் கோணி ஒன்றைக் கட்டினார். எங்கள் மலையில் எதைப் பிடிப்பதானாலும் கோணிதான். வேறு பை உலகத்தில் உண்டென்று யாருக்கும் தோன்றாது. சுவிட்சைப் போட்டதும் கோணி உப்பியது. ரம்பத்துக்கு அடியில் ஒரு சுருள் தூள்கூட இல்லை. "இந்தத் தரையில சோறு போட்டுத் திங்கலாமுங்க வாத்தியாரே" என்று என்னை அழைத்துப்போய்க் காட்டினார். நானும் குனிந்து தடவிப் பார்த்துப் பாராட்டினேன்.

அருள்மேரிக்கு இழுப்பு முன்னைவிட அதிகமாகிவிட்டது. "தரையப் பாரு மேரி, கண்ணாடியாட்டம் இருக்குது. உனக்கு மனசுலதான் தூசி" என்று இவர் சத்தம் போட்டது எனக்குக் கேட்டது. சமாதானம் செய்யப் போனேன். அந்த அம்மாளுக்குப் பேச மூச்சு இல்லை. புருஷன் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப்போனார். கூரையில் ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. அதன் வழியாக வெயில் சாய்வாக விழுந்தது. அந்த வெளிச்சத்தில் மாவு போன்ற தூள் அடர்த்தியாகச் சுழன்றுகொண்டிருந்தது. காப்பிக்கொட்டையைப் பிடிக்கும் கோணி, சுருள் தூளைத்தான் நிறுத்தியிருந்தது. நெஞ்சுக்குள் போகிற பொடியைத் தன் இழை இடுக்குகள் வழியாக வீடு முழுக்கத் தூவியிருந்தது.

வாய் ஓயாத மனிதர் அந்த வெளிச்சத்தில் கையை நீட்டி, உள்ளங்கையில் படிந்த பொடியைப் பார்த்தார். பிறகு மனைவியை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நான் தரையப் பாத்தேனுங்க. இவ காத்தப் பாத்திருக்கறா. இவ சொன்னதுதான் செரி."

கிறிஸ்துமஸுக்கு எட்டே நாள் இருந்தது. அன்று மத்தியானமே தன் காக்கிப் பேண்ட் ஒன்றை எடுத்துக்கொண்டு வேலிக்கு வந்தார். எஸ்டேட்டில் போட்ட, கனமான, நெருக்கமாக நெய்த துணி. "முப்பது வருசம் காப்பித் தூசியில நின்னிருக்கறேன். இந்தப் பேண்ட்டத் தாண்டி ஒரு பொடி உள்ள வந்ததில்ல. உள்ள வராதது வெளியவும் போவாதுங்க" என்றார். நான் தமிழாசிரியன். அந்த வாதத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

கோணிக்குப் பதிலாகக் கட்டிய முதல் பேண்ட் பின்பக்கத் தையலில் வெடித்தது. ஒன்று போதாது, காற்றுக்கு இடம் வேண்டும் என்று மூன்றை எடுத்தார். விசிறியை வீட்டைவிட்டே கிளப்பி, வேலியோரம் இருந்த, சுவரில்லாத தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோனார். தையல் மெஷினில் உட்கார்ந்து ஒவ்வொரு தையலையும் இரட்டையாக ஓட்டியவர் அருள்மேரிதான். பொத்தான் பக்கத்தையும் ஒழுங்காக மூடித் தைத்தார். "நான் போனப்பறம் ஊடு நாறிப் போகாம இருக்கட்டுமுன்னு செய்யறேன்" என்றார், இருமிக்கொண்டே. இடுப்புகளை விசிறியின் வாயில் பொருத்திய மரப்பெட்டியின் மேல் சைக்கிள் டியூபால் இறுக்கி, கால் நுனிகளைக் கயிற்றால் கட்டி, சுவிட்சைப் போட்டதும் ஆறு காக்கிக் கால்களும் வானத்தைப் பார்த்து எழுந்து நின்று உதறின. மூன்று போலீஸ்காரர்களைத் தலைகீழாக நட்டுவைத்த மாதிரி இருந்தது. சாயங்காலப் பனியில், காப்பிப் பழம் பறித்துவிட்டுக் கிளியூர் திரும்பிக்கொண்டிருந்த கூட்டம் அதைப் பார்த்து அலறியது. அதில் ஒருவர் போர்வைக்குள் வைத்திருந்த சாராயப் பாட்டிலை என் வேலியில் போட்டுவிட்டு ஓடினார். காக்கி நேராக நின்றாலும் தலைகீழாக நின்றாலும் அவருக்குக் காக்கிதான்.

அடுத்த நாட்களில் ஞானமுத்து விடாமல் மரம் அறுத்தார். அறுக்க மரம் தீர்ந்ததும் என் பழைய பெஞ்சு ஒன்றையும் வாங்கி அறுத்தார். கண்ணாடி ஓட்டுக்குக் கீழே வெறும் வெயில் மட்டும் விழுந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை வேலிக்கு வந்து, "பொட்டி உள்ள போயிருச்சுங்க வாத்தியாரே" என்றார். கண் நிறைந்திருந்தது. தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளிக்க, பாவம், அவருக்கு வழியே இல்லை.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் அவர் பேண்ட்டுகள் மெஷினுக்குப் போயின. நல்லதாக ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பது, சவப்பெட்டியில் வைக்க உடுத்திவிடத் தேடியபோதுதான் தெரிந்தது. மெஷினிலிருந்து ஒன்றைக் கழற்றித் துவைக்கலாமா என்று மகள் கேட்டாள். "அதுல கை வெக்காத சாமி. என்னைய இந்த ஊட்டுல நிறுத்துனது அதுதான்" என்றார் அருள்மேரி. ஞானமுத்து என் வேட்டியில்தான் கல்லறைக்குப் போனார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது மரவேலை அல்ல. ஆணி அடித்தால் இன்றும் என் விரல்தான் அடிபடும். இன்னொரு மனிதன் முன்னால் மனைவியைப் பார்த்து "இவ சொன்னதுதான் செரி" என்றாரே, அதைத்தான். வேலிக்கு இந்தப் பக்கம் அது வந்து சேரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் சமையலறையில் புகை வெளியே போகவில்லை, ஒரு புகைபோக்கி வையுங்கள் என்று என் மனைவி எத்தனையோ வருஷமாகச் சொல்லிவருகிறாள். கூரை உயரம் போதும் என்று நான் விளக்கிவருகிறேன். கல்லறையிலிருந்து வந்து குளித்துவிட்டு, உலை கொதிக்கும்வரை அவள் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவ்வளவு நேரம்கூட என்னால் கண்ணைத் திறந்துகொண்டு நிற்க முடியவில்லை.

"நீ சொன்னதுதான் சரி" என்றேன்.

அவள் கரண்டியை வைத்துவிட்டு, காய்ச்சல் அடிக்கிறதா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.